சொந்தமாக ஒரு வாட்டர் கூலிங் கேபினெட்: எங்கிருந்து வரையத் தொடங்குவது?

நீங்கள் கேட்டது இது: கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்கு நான்கு பேர் சேர்ந்து, தண்ணீரால் குளிரூட்டும் கணினிக்கு ஒரு கேபினெட்டை நீங்களே வடிவமைத்துச் செய்யப் போகிறீர்கள். கையில் நான்கு மாதம். வெளித்தோற்றத்தின் 3டி மாடல் தயார். ஆனால் வழிகாட்டும் ஆசிரியர், "எல்லாப் பாகத்தையும் வாங்கி மாட்டப் போகிறீர்கள், இதில் இன்ஜினியரிங் எங்கே?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு என்ன சொல்வது, வேலையை எங்கே ஆரம்பிப்பது?

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. தண்ணீர் எத்தனை டிகிரியில் நிற்கும் என்று பாகங்களை வாங்குவதற்கு முன்பே ஒரு எண்ணை எழுதி வையுங்கள். அந்த எண்ணைத் தரும்படி பெட்டியை வரையுங்கள். செய்து முடித்ததும் அளந்து பாருங்கள். எழுதிய எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல முடிந்தால் அதுவே இன்ஜினியரிங். அந்த 3டி மாடலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வெளியிலிருந்து உள்ளே வரைந்த மாடல்களில் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு மிஞ்சிய இடம்தான் கிடைக்கும். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் வரைந்தேன். அதன் விளைவுகளைக் கீழே ஆங்காங்கே சொல்கிறேன்.

முதலில் தண்ணீர் என்ன செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். அதன் வேலை சுமை தூக்குவது மட்டும்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,190 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். கிட்டத்தட்ட 3,500 மடங்கு வித்தியாசம். அதனால்தான் விரல் பருமனுள்ள ஒரு டியூப், பெரிய ஃபேன் செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் அது தூக்கி வந்த வெப்பத்தை ரேடியேட்டரில் இறக்கி வைத்தாக வேண்டும், ரேடியேட்டர் அதை அறைக் காற்றில்தான் கொட்டும். ஆகவே தண்ணீர் எப்போதும் அறைக் காற்றைவிடச் சூடாகவே இருக்கும். நீங்கள் கணிக்க வேண்டியது "எவ்வளவு அதிகம்" என்பதை. வாட்டர் கூலிங்கில் டெல்டா என்று சொல்வார்களே, அதுதான். 10 டிகிரி என்றால் நல்ல வடிவமைப்பு. 15 என்றால் பரவாயில்லை. 20-ஐத் தாண்டினால் எங்கோ தவறு இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸரையும் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டையும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவதின் டிடிபி (குளிரூட்டலுக்காகத் தயாரிப்பாளர் குறிக்கும் வெப்ப அளவு) 105 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் அது தொடர்ந்து 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. இங்கேயே பல புராஜெக்ட்கள் சறுக்குகின்றன. டிடிபியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், உண்மையில் எவ்வளவு இழுக்க விடுகிறார்கள் என்று பாருங்கள். கார்டு 200 வாட். பம்ப்பும் தன் பங்குக்குச் சில வாட்டைத் தண்ணீரிலேயே விடும். மொத்தம் 350 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

ரேடியேட்டர் கணக்குக்கு ஒரு நடைமுறை விதி உண்டு. 120 மி.மீ. ஃபேன் ஒன்று உட்காரும் அளவுள்ள ஒரு பகுதி, ஃபேன் மிதமான வேகத்தில் சுற்றும்போது, 10 டிகிரி டெல்டாவில் சுமார் 100 வாட்டை வெளியேற்றும். அதாவது ஒரு டிகிரிக்கு 10 வாட். ரேடியேட்டரின் தடிமன், அதன் ஃபின்களின் (காற்று படும் மெல்லிய உலோகத் தகடுகள்) நெருக்கம், ஃபேன் வேகம் எல்லாம் இதை மேலும் கீழும் இழுக்கும். ஆனாலும் தொடக்கக் கணிப்புக்கு இது போதும். இரண்டு 240 ரேடியேட்டர் (ஒவ்வொன்றிலும் 120 ஃபேன் இரண்டு உட்காரும்) போட்டால் நான்கு பகுதி, டிகிரிக்கு 40 வாட். 350-ஐ 40-ஆல் வகுத்தால் 8.75. உங்கள் எண் கிடைத்துவிட்டது: அறையைவிட ஏறத்தாழ 9 டிகிரி அதிகம். இதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனிதான் பெட்டி உள்ளே வருகிறது. மேலே போட்ட கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: இரண்டு ரேடியேட்டருக்கும் வெளிக்காற்று நேராக வர வேண்டும். மாணவர்கள் வரையும் பெட்டிகளில் ஒரு ரேடியேட்டர் முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்கும். மற்றொன்று மேலே, உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மேலே இருப்பதற்குக் கிடைப்பது, முன்பக்க ரேடியேட்டர் ஏற்கெனவே சூடாக்கிய காற்று.

எவ்வளவு நஷ்டம் என்று பார்த்துவிடலாம். ஒரு ஃபேன் ரேடியேட்டர் வழியாக நொடிக்கு 12 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது என்று வையுங்கள். ஒரு 240 ரேடியேட்டரில் நொடிக்கு 24 லிட்டர். அந்தக் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 29 வாட் போதும். முதல் ரேடியேட்டரின் காற்று முழுவதும் இரண்டாவதுக்குள் போகிறது என்றால், தண்ணீர் 8.75-ல் நிற்காது, ஏறக்குறைய 13.4 டிகிரி வரை ஏறிய பிறகே சமநிலைக்கு வரும். அப்போது முதல் ரேடியேட்டர் சுமார் 270 வாட்டையும் இரண்டாவது வெறும் 80 வாட்டையும் வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு 240 போட்டிருந்தால்கூட 17.5 டிகிரி வந்திருக்கும். காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது ரேடியேட்டரில் பாதி, பெட்டியின் அமைப்பால் வீணாகிறது! இந்த ஒரு பத்தியை உங்கள் சொந்த எண்களோடு எழுதிக் காட்டினாலே ஆசிரியரின் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

ஆகவே பெட்டியின் வடிவத்தை முடிவு செய்வது இரண்டு ரேடியேட்டருக்கும் தனித்தனியே வெளிக்காற்று தரும் ஏற்பாடுதான். ஒன்றை முன்பக்கமும் இன்னொன்றை அடியிலும் வைத்து இரண்டையும் உள்ளிழுக்க விடலாம். பின்பக்கமும் மேலேயும் தாராளமாகத் துளைகள் விட்டால் காற்று வெளியேறிவிடும். அடியில் வைத்தால் கேபினெட்டின் கால் உயரம் முக்கியம். 30 மி.மீ.க்குக் குறைவாகக் கால் வைத்துவிட்டு, காற்று வரவில்லை என்று ஃபேனைத் திட்டிப் பயனில்லை. இன்னொரு வழி, பெட்டியை நடுவில் ஒரு தகடு வைத்து இரண்டு அறையாகப் பிரிப்பது: ஒன்றில் மதர்போர்டு, மற்றதில் ரேடியேட்டரும் பம்ப்பும் பவர் சப்ளையும். எனக்கு இதுதான் பிடிக்கும். தண்ணீர் இணைப்புகளில் பெரும்பாலானவை எலக்ட்ரானிக்ஸுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

ஃபேன் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவை அப்படியே நம்ப வேண்டாம். அது எதிரில் தடையே இல்லாதபோது கிடைப்பது. ரேடியேட்டர், தூசி வடிகட்டி, கிரில் மூன்றும் சேர்ந்தால் பாதிதான் மிஞ்சும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். ஃபேன் வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்றால் சத்தம் வரும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும், அதற்கு வேண்டிய மின்சக்தி எட்டு மடங்காகும், சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். கிரில்லைப் பெரிதாக வெட்டுவதற்குச் செலவும் இல்லை, சத்தமும் இல்லை.

பம்ப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர் ஓடினால் போதும். 3 லிட்டர் ஓடும்போது 350 வாட்டுக்குத் தண்ணீரின் வெப்பம் லூப் (தண்ணீர் சுற்றிவரும் பாதை) முழுவதும் சுற்றி வருவதற்குள் 1.7 டிகிரிதான் மாறுகிறது. அதனால் முதலில் பிராசஸரா, கார்டா, நடுவில் ஒரு ரேடியேட்டர் வேண்டுமா என்ற சண்டைக்கு அர்த்தமே இல்லை. டியூப் எந்த வரிசையில் குறுக்கே போகாமல் சுலபமாக ஓடுகிறதோ அதுவே சரியான வரிசை. ஒரே ஒரு விதிவிலக்கு: தொட்டி பம்ப்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பம்ப்புக்கு உள்ளே உராய்வைத் தணிப்பது ஓடும் தண்ணீரேதான். வறண்டு ஓடவிட்டால் சீக்கிரம் கெட்டுவிடும்.

அடுத்து அளவுகள். மதர்போர்டுகளின் அளவும் துளைகளும் பொதுவான தரத்தில் இருப்பதால் இங்கே ஊகத்துக்கு வேலை இல்லை. ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மி.மீ., மினி-ஐடிஎக்ஸ் 170 × 170 மி.மீ. பின்பக்க போர்ட்டுகளுக்கான திறப்பு 158.75 × 44.45 மி.மீ. கார்டு ஸ்லாட்டுகளுக்கு இடையே 20.32 மி.மீ. 120 ஃபேனின் துளைகளுக்கு இடையே 105 மி.மீ.; 140 ஃபேனுக்கு 124.5 மி.மீ. ரேடியேட்டரில் மட்டும் கவனமாக இருங்கள். 240 என்பது இரண்டு ஃபேனின் நீளம் மட்டும். இரு முனைகளிலும் தண்ணீர் சேரும் தொட்டிப் பகுதிகள் இருப்பதால் உண்மையான நீளம் 275 மி.மீ.யைத் தாண்டும். அதற்கு மேல் ஃபிட்டிங் (டியூபைப் பாகத்தோடு இணைக்கும் திருகு முனை) மாட்டவும் டியூப் வளையவும் இடம் வேண்டும். தடிமனும் அப்படித்தான்: 30 மி.மீ. ரேடியேட்டர், 25 மி.மீ. ஃபேன், கிரில், ஸ்குரூ தலை எல்லாம் சேர்த்தால் 60 மி.மீ. போய்விடும். பாகம் கைக்கு வந்து, வெர்னியர் வைத்து அளந்த பிறகே இறுதி வரைபடத்தைப் போடுங்கள். விற்பவர் தரும் படத்தில் 1 மி.மீ. தப்பினாலும் துளை பொருந்தாது.

தகட்டில் வெட்டுவதற்கு முன்னால் அட்டையில் செய்யுங்கள். முழு அளவில், 5 மி.மீ. ஃபோம் போர்டில், ஒரு சாயங்கால வேலை. உள்ளே உண்மையான ரேடியேட்டரையும் பம்ப்பையும் வையுங்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு தடவை கையை உள்ளே விட்டு நான்கு காரியம் செய்து பாருங்கள்: தொட்டியில் புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது, ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் இறுக்குவது, வேறு எதையும் கழற்றாமல் கார்டை மட்டும் வெளியே எடுப்பது, கடைசியாக எல்லாத் தண்ணீரையும் வடிப்பது.

என் புராஜெக்ட்டில் நாங்கள் அட்டை மாடல் செய்யவில்லை. கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. தொட்டியின் மூடிக்கும் பெட்டியின் கூரைக்கும் நடுவே 40 மி.மீ. இடைவெளி. மூடியைத் திருகிக் கழற்ற அது போதும், கணினியில் அதையும் சரிபார்த்திருந்தோம். ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டுமே! புனல் நுழையவில்லை. 50 மில்லி சிரிஞ்சில் ஒரு சின்ன டியூபைச் செருகி, இருபது தடவை உறிஞ்சி உறிஞ்சி ஊற்றினோம். பம்ப்பை ஓடவிட்டதும் தொட்டி காலியாகும், உடனே நிறுத்த வேண்டும், மறுபடி சிரிஞ்ச். அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் லூப் நிரம்பியது. கூரையில் 30 மி.மீ. வட்டத் துளை ஒன்று போதும். தகடு வெட்டும் முன்பே யோசித்திருந்தால் அதற்கு ஒரு வட்டம் வரைந்திருக்கலாம், அவ்வளவுதான்.

வடிப்பதற்கும் அப்படித்தான். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் டி-வடிவ ஃபிட்டிங் ஒன்று, அதில் ஒரு சின்ன பால் வால்வு, வால்வின் வாய் பெட்டிக்கு வெளியே எட்டும்படி. மேலே எங்காவது காற்று உள்ளே வர ஒரு வழியும் இருக்க வேண்டும். ஸ்ட்ராவின் மேல் முனையை விரலால் மூடினால் தண்ணீர் இறங்காமல் நிற்குமல்லவா, அதேதான் இங்கேயும் நடக்கும். காற்றுக்குமிழிகளை வெளியேற்ற, பெட்டியை நான்கு பக்கமும் சாய்க்க வேண்டிவரும். ஆகவே எந்தப் பக்கம் படுக்க வைத்தாலும் தாங்கும்படி வரையுங்கள். செங்குத்தாக நிற்கும் ரேடியேட்டரில் ஃபிட்டிங் முனை மேலே வரும்படி வைத்தால் காற்று தானாகவே தொட்டிக்குப் போய்ச் சேரும். கீழே வைத்தால் மேல் முனையில் குமிழி தங்கிக் கொப்பளிக்கும் சத்தம் தரும்.

உடல் செய்ய 1.5 மி.மீ. அலுமினியத் தகடு நல்ல தேர்வு. 5052 ரகம் நன்றாக மடியும். 6061-டி6 சின்ன ஆரத்தில் மடித்தால் விரிசல் விடும். மடிப்புக் கணக்கைப் பாடப்புத்தக அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் தகட்டை, நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே மெஷினில் சோதியுங்கள். சரியாக 100 மி.மீ. நீளமுள்ள ஒரு துண்டை நடுவில் 90 டிகிரி மடித்து, இரண்டு கைகளின் வெளி அளவையும் கூட்டுங்கள். 102.6 வருகிறது என்றால், ஒவ்வொரு மடிப்புக்கும் விரிப்பு நீளத்தில் 2.6 மி.மீ. கழிக்க வேண்டும் என்று பொருள். நான்கு மடிப்புள்ள ஒரு தகட்டில் இதை விட்டுவிட்டால் 10 மி.மீ.க்கு மேல் பிழை, மூடி மூடாது. துளைகளை மடிப்புக்கோட்டுக்கு மிக அருகில் வைக்காதீர்கள், வட்டம் முட்டையாக இழுபடும். தகடு பிடிக்கவில்லை என்றால் 20 × 20 மி.மீ. அலுமினிய எக்ஸ்ட்ரூஷனில் சட்டம் கட்டி, பக்கங்களுக்கு அக்ரிலிக் மாட்டலாம். பார்வைக்கு அவ்வளவு நேர்த்தி இருக்காது, ஆனால் தப்பு செய்தால் திருத்தலாம். நான்கு மாதத்தில் அது பெரிய வரம். 3டி பிரிண்டில் பிராக்கெட் செய்வதாக இருந்தால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். அது 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். பிஇடிஜி பரவாயில்லை.

அலுமினியம் என்றதும் ஒரு சந்தேகம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். லூப்பில் செம்பையும் அலுமினியத்தையும் கலக்கக் கூடாது என்பது உண்மை. இரண்டும் ஒரே தண்ணீரில் தொட்டால் அது ஒரு பேட்டரி மாதிரி. அலுமினியம் அரித்துக் கரையும், கரைந்த கசடு வாட்டர் பிளாக்கின் (சிப்பின்மேல் உட்கார்ந்து வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கும் உலோகப் பாகம்) நுண்ணிய ஃபின்களில் அடைத்துக்கொள்ளும். மலிவாகக் கிடைக்கும் ரேடியேட்டர்கள் பல அலுமினியம், பிளாக்குகள் பெரும்பாலும் செம்பு. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஆனால் கேபினெட்டின் உடல் அலுமினியமாக இருப்பதில் தவறில்லை, அதன்மேல் தண்ணீர் படுவதில்லையே.

டியூப் விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது: முதல் தடவை வளையும் டியூப் மட்டும் போடுங்கள். உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. கெட்டியான வகை, சுலபத்தில் மடங்காது. ஹார்டு டியூபைச் சூடாக்கி வளைப்பது கற்க வேண்டிய கலைதான். ஆனால் ஒரு பாகத்தை 5 மி.மீ. நகர்த்தினாலும் டியூபைப் புதிதாக வளைக்க வேண்டும், உங்கள் பாகங்கள் நிச்சயம் நகரும். அக்ரிலிக் பலகையில் வாய்க்கால் குடைந்து செய்யும் டிஸ்ட்ரோ பிளேட்டையும் அதே காரணத்துக்காகத் தள்ளிப்போடுங்கள். ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளத்தின் ஆழம் கொஞ்சம் தப்பினாலும் கசியும், தப்பைச் சரிசெய்ய வழியில்லை, முழுப் பலகையும் வீண். பிளாக்கை நாமே குடையலாமா என்று உங்களில் ஒருவர் கேட்பார். அதன் ஃபின்கள் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அளவில் இருப்பவை. வாங்கிவிடுங்கள்.

தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர், அதில் அரிப்புத் தடுப்பானும் பாசி பிடிக்காமல் இருக்க உயிர்க்கொல்லியும். முன்கலந்த கூலண்ட் வாங்கினால் இரண்டும் அதிலேயே இருக்கும். பால் மாதிரி நிறமுள்ளவை வேண்டாம். அவற்றிலுள்ள துகள்கள் நாளடைவில் படியும். "டிஸ்டில்டு வாட்டர்தான் மின்சாரத்தைக் கடத்தாதே, கசிந்தால் என்ன" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புட்டியில் இருக்கும்வரை அது பெரும்பாலும் சரி. உலோகத்தையும் தூசியையும் தொட்ட பிறகு அது கடத்த ஆரம்பித்துவிடும். புது ரேடியேட்டருக்குள் சால்டரிங் ஃப்ளக்ஸ் மிச்சம் இருக்கும், வெந்நீர் ஊற்றிக் குலுக்கிப் பலமுறை கழுவுங்கள். கடைசிக் கழுவலுக்கு டிஸ்டில்டு வாட்டர்.

ஃபிட்டிங்குகள் ஜி 1/4 மரை கொண்டவை. கசிவைத் தடுப்பது மரை இல்லை, ஓ-ரிங். கையால் இறுக்கி, அப்புறம் இம்மியளவு, போதும். டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டாம். அக்ரிலிக் தொட்டியில் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் தொட்டி வெடிப்பு விடும்.

ஸ்குரூ விஷயம் சின்னதுதான், ஆனால் அதில்தான் நாங்கள் ஒரு ரேடியேட்டரைத் தொலைத்தோம். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே அதிர்வுக்காக 3 மி.மீ. ரப்பர் வளையம் வைத்திருந்தோம். ஃபேன் 25, வளையம் 3, தகடு 1.5, எல்லாம் போக 35 மி.மீ. எம்3 ஸ்குரூ ரேடியேட்டருக்குள் 5.5 மி.மீ. போனது, சரியாக இருந்தது. பிறகு ஒருநாள், மூடி உரசுகிறது என்று ஒரு நண்பன் வளையங்களைக் கழற்றிவிட்டு அதே ஸ்குரூவைப் போட்டு இறுக்கினான். இப்போது 8.5 மி.மீ. ஸ்குரூ துளைக்கு நேர் கீழே தட்டையான தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. முனை அதைத் தொட்ட இடத்தில் லேசாக ஒரு தடுமாற்றம் தெரிந்திருக்கும். அவன் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். தண்ணீர் பீய்ச்சி அடிக்கவில்லை. ஸ்குரூவே அடைப்பானாக நின்றுவிட்டது. மறுநாள் காலையில் ஃபின்களின் நடுவே ஒரு பச்சைக் கறை, அடித்தகட்டில் உள்ளங்கை அளவு ஈரம். நல்லவேளை, கணினி இன்னும் மாட்டப்படவில்லை. ஒவ்வொரு ஸ்குரூவின் நீளத்தையும் வரைபடத்திலேயே எழுதுங்கள். ஃபின்களுக்கு மேலே பாதுகாப்புத் தட்டு வைத்த ரேடியேட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கசிவுச் சோதனை இரண்டு கட்டம். முதலில் தண்ணீர் ஊற்றாமல், கைப்பம்ப் வைத்து அரை பார் அளவு காற்றழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் இறங்கக் கூடாது. அப்புறம் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்து, பம்ப்பை மட்டும் 24 மணி நேரம் ஓட்டுங்கள். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரமே போகக் கூடாது. 24 பின் இணைப்பியில் 16-வது பின்னை ஏதாவது ஒரு கிரவுண்டோடு இணைத்தால் பவர் சப்ளை தனியாக ஓடும். பழைய சப்ளைகளில் அது பச்சை ஒயர். இப்போது பலவற்றில் எல்லா ஒயரும் கறுப்பு, அதனால் நிறத்தை நம்பாமல் பின்னை எண்ணுங்கள்.

இனி ஆசிரியரின் கேள்விக்கான மீதிப் பதில், அளவீடு. கணினியை மாட்டுவதற்கு முன்பு லூப்பை மேசைமேல் கட்டி, பிளாக்கின்மேல் பெரிய வாட்டேஜ் ரெசிஸ்டர்களைப் பிடித்து வைத்துச் சூடாக்குங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் எத்தனை வாட் என்று துல்லியமாகத் தெரியும். பிராசஸர் சொல்லும் வாட் கணக்கைவிட இது நம்பகமானது, கசிந்தாலும் விலையுயர்ந்த எதுவும் போகாது.

சென்சார்கள் நான்கு வேண்டும்: தண்ணீர் ரேடியேட்டருக்குள் நுழையும் இடம், வெளியேறும் இடம், உள்ளே வரும் காற்று, வெளியே போகும் காற்று. 10 கிலோஓம் தெர்மிஸ்டர்களும் ஒரு ஆர்டுயினோவும் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரில் நீங்கள் அளக்கப்போகும் வித்தியாசமே 1.7 டிகிரி. இரண்டு சென்சார்களும் தங்களுக்குள் அரை டிகிரி முரண்பட்டால் உங்கள் கணக்கில் 30 சதவீதம் பிழை வந்துவிடும். நான்கையும் ஒரு நூலில் கட்டி, ஒரே டம்ளர் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீர், இன்னும் சூடான நீர் என மூன்று தடவை. எது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று குறித்து, புரோகிராமில் கழித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் அறிக்கையின் நம்பகத்தன்மை முழுவதும் இதில்தான் நிற்கிறது.

ஒரு வளைவையும் முன்கூட்டியே கணிக்கலாம். லூப்பில் ஒரு லிட்டர் தண்ணீர், அதோடு ரேடியேட்டர், பிளாக் உலோகம் எல்லாம் சேர்த்து ஒரு டிகிரிக்கு 5,000 ஜூல் என்று வையுங்கள். அதை முன்பு கணக்கிட்ட டிகிரிக்கு 40 வாட்டால் வகுத்தால் 125 நொடி. லோடு கொடுத்த இரண்டு நிமிடத்தில் இறுதி ஏற்றத்தின் 63 சதவீதத்தைத் தொட வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறக்குறைய நிலைக்கு வர வேண்டும். கணித்த வளைவையும் அளந்ததையும் ஒரே தாளில் வரைந்து காட்டுங்கள். இரண்டும் விலகினால் பயப்படாதீர்கள், விலகலில்தான் பேச விஷயம் இருக்கிறது. மெல்ல ஏறிக்கொண்டே போகிறது என்றால் பெட்டிக்குள் சூடான காற்று திரும்பச் சுற்றுகிறது. பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி மறுபடி அளந்தால் அது உறுதியாகிவிடும்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் இறக்கி வையுங்கள். தண்ணீர் அறையைவிட 9 டிகிரி மேலே இருந்தாலும் பிராசஸர் தண்ணீரைவிடப் பல பத்து டிகிரி மேலேதான் இருக்கும். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய சிப்பிலிருந்து 142 வாட் வெளியே வர வேண்டும், அந்தத் தடை ரேடியேட்டரைப் பெரிதாக்குவதால் குறையாது. ஏர் கூலரோடு ஒப்பிடும்போது "எத்தனை டிகிரி குறைந்தது" என்று மட்டும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரே சத்தத்தில் எத்தனை டிகிரி, அல்லது ஒரே வெப்பத்தில் எவ்வளவு சத்தம் என்று ஒப்பிடுங்கள். தண்ணீரின் உண்மையான லாபம் அங்கேதான் தெரியும்.

பாதுகாப்புக்கு வெப்ப சென்சார் மட்டும் வைத்தால் போதாது. பம்ப் நின்றுவிட்டால் பிளாக்கில் இருக்கும் தண்ணீர் மட்டும் கொதிநிலையை நோக்கிப் போகும். ரேடியேட்டர் வாயிலில் இருக்கும் சென்சாரோ, ஓடாத தண்ணீர் குளிர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து எல்லாம் நலம் என்று சொல்லும். ஒரு ஃப்ளோ சென்சாரை வைத்து, ஓட்டம் நின்றால் கணினியை அணைக்கும்படி செய்யுங்கள்.

நான்கு மாதத்தைப் பிரிப்பது என்றால், முதல் மூன்று வாரம் கணக்கும் பாகங்கள் வாங்குவதும், அடுத்த இரண்டு வாரம் மேசைமேல் ரெசிஸ்டர் சோதனை, அதன் பிறகே வரைபடமும் அட்டை மாடலும். தகடு வெட்டுவதும் மடிப்பதும் உங்கள் கையில் இல்லை, பட்டறைக்காரரின் வரிசையில் இருக்கிறது. அதற்கு நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நாள் விடுங்கள். கடைசி மூன்று வாரம் அளவீட்டுக்கு மட்டும், அதைத் தொடவே கூடாது. காட்சிக்கு எடுத்துப் போகும் நாளில் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, பெட்டியை நிமிர்த்தியபடியே கொண்டு போங்கள். வழியில் கலங்கிய குமிழிகள் அடங்க ஒரு மணி நேரமாவது ஆகும், அதனால் முன்கூட்டியே போய்ச் சேருங்கள். பையில் ஒரு கட்டு டிஷ்யூ பேப்பரும் அந்தச் சிரிஞ்சும் இருக்கட்டும்.